வலைத்தளத்திற்கும் ஒத்திகை வேண்டும்

வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவுக் கூடத்திற்குள் நுழைவோரை முதலில் எதிர்கொள்வது அங்கு நிலவும் அமைதியாகும். நாடகமாயினும் சரி, சொற்பொழிவாயினும் சரி, நேயர்களின் செவியை எட்டுமுன் அந்த அமைதிக்குள் ஒரு முறையேனும் பேசிப் பார்க்கப்படுகின்றது. சொல் தடுமாறுகின்றது, தாள் சலசலக்கின்றது, குறித்த நேரத்திற்கு மேல் ஒரு நிமிடம் நீண்டுவிடுகின்றது. இவையெல்லாம் அங்கேயே திருத்தப்படுகின்றன. ஒத்திகையில் நேர்ந்த பிழை அந்த நான்கு சுவர்களோடு நின்றுவிடும். ஒலிபரப்பில் நேர்ந்த பிழையோ ஊரெங்கும் சென்றுவிடும். சென்றதைத் திரும்ப அழைக்க இயலாது.

இன்று உங்களில் பலர் வலைத்தளம் அமைக்கக் கற்று வருகின்றீர்கள். கல்லூரி விழாவுக்கு ஒன்று, ஊர் நூலகத்திற்கு ஒன்று, சிறு வணிகர் ஒருவரின் கடைக்கு ஒன்று என்று ஆர்வத்தோடு உருவாக்குகின்றீர்கள். உருவாக்கிய கையோடு அதனை உலகின் முன் வைத்துவிடலாமா? வைப்பதற்கு முன் ஒத்திகை பார்க்க ஓரிடம் வேண்டாவா? அவ்விடம் உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கின்றது. அதனை எவ்வாறு அமைப்பது, அதனால் விளையும் நன்மை யாது, அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இன்று காண்போம்.

முதலில் வழங்கி என்பது யாது என அறிதல் வேண்டும். சர்வர் என்று பேச்சு வழக்கில் கூறுகின்றோமே, அதுவே வழங்கி. அச்சொல்லைக் கேட்டவுடன், குளிரூட்டிய பெரிய அறையில் அடுக்கடுக்காக நிற்கும் இயந்திரங்கள் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் வழங்கி என்பது அடிப்படையில் ஒரு நிரலே. அது செய்யும் தொழிலை நூலகப் பணியாளரின் தொழிலுக்கு ஒப்பிடலாம். நீங்கள் வேண்டும் நூலின் பெயரைச் சீட்டில் எழுதி நீட்டுகின்றீர்கள். அவர் உள்ளே சென்று, நூலை எடுத்து வந்து தருகின்றார். பிறகு அடுத்த சீட்டுக்காகக் காத்திருக்கின்றார். வலையுலகில் சீட்டு நீட்டுவது உலாவி. நூல் எடுத்துத் தருவது வழங்கி. காத்திருப்பதும் கேட்டதைத் தருவதுமே அதன் வேலை. அந்த வேலையைச் செய்யும் நிரலை எந்தக் கணினியிலும் இயக்கலாம்.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டில் ஜெனீவா நகரின் அருகே செர்ன் என்னும் அணு ஆராய்ச்சிக் கூடம் உள்ளது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ 1989ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான தம் திட்டத்தை எழுதினார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் உலகின் முதல் வலை வழங்கி இயங்கத் தொடங்கியது. அது இயங்கிய இடம் அவருடைய மேசைக் கணினியே. நெக்ஸ்ட் என்னும் நிறுவனம் செய்த கணினி அது. முதல் உலாவியும் அவ்வகைக் கணினியிலேயே உருவாயிற்று. இது வழங்கி, இதன் மின்சாரத்தை நிறுத்தாதீர் என்ற பொருள்படச் சிவப்பு மையில் எழுதிய ஒரு தாளை அவர் அதன்மேல் ஒட்டி வைத்திருந்தார். யாரேனும் அறியாமல் அணைத்துவிட்டால் உலகின் வலை முழுவதும் அணைந்துவிடும் நிலை அன்று இருந்தது! ஆகவே, மேசைமேல் உள்ள கணினியை வழங்கியாக்குவது புதுமையான செயலன்று. வலையின் பிறப்பே அப்படித்தான் நிகழ்ந்தது.

சரி, வழங்கியும் உலாவியும் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றையொன்று எவ்வாறு கண்டுகொள்ளும்? இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண்முகவரி உண்டு. அவற்றுள் 127.0.0.1 என்பது தனிச்சிறப்புடையது. எந்தக் கணினியிலிருந்து அழைத்தாலும் அந்த முகவரி அந்தக் கணினியையே குறிக்கும். தமிழில் 'நான்' என்று சொல்கின்றோம் அல்லவா? யார் சொன்னாலும் அச்சொல் சொன்னவரையே சுட்டுகின்றது. அதுபோன்றது இது. இம்முகவரிக்கு அனுப்பிய செய்தி வெளியே செல்லாது. கணினிக்குள்ளேயே வட்டமிட்டுத் திரும்பி வரும். 127 எனத் தொடங்கும் 1 கோடியே 67 இலட்சத்திற்கும் மேற்பட்ட முகவரிகள் இப்பணிக்கென்றே இணைய விதிகளில் ஒதுக்கப்பட்டுள்ளன. எண்ணை நினைவில் கொள்வது கடினம் என்பார்க்கு லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரும் உண்டு. உலாவியில் அப்பெயரை எழுதினால் போதும். இணைய இணைப்பு அறுந்திருந்தாலும் இவ்வழி அறுவதில்லை.

இவ்விடத்தில் உங்களில் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பலாம். "பக்கத்தைக் கோப்பாக எழுதிவிட்டேன். அக்கோப்பை இருமுறை சொடுக்கினால் உலாவியில் தோன்றுகின்றதே! இதற்கு வழங்கி எதற்கு?" நல்ல கேள்வி. வெறும் எழுத்தும் படமும் கொண்ட எளிய பக்கமாயின் அவ்வாறு தோன்றும். ஆனால் அப்போது உலாவி தானே அலமாரியைத் திறந்து நூலை எடுக்கின்றது. நூலகப் பணியாளர் இடையில் இல்லை. படிவத்தை நிரப்பி அனுப்பினால் அதனைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. பி.எச்.பி. முதலிய மொழிகளில் எழுதிய நிரல்களை வழங்கியே இயக்கி, அவற்றின் விடையைப் பக்கமாக்கித் தர வேண்டும். வழங்கி இல்லையேல் அவை இயங்கமாட்டா. மேலும், நேராகத் திறந்த கோப்பு பிற கோப்புகளைப் படிப்பதற்குப் பாதுகாப்புக் கருதி உலாவிகள் பல தடைகளை விதிக்கின்றன. ஆதலால் அவ்வழியில் சோதிப்பது, மேடையும் உடன் நடிப்போரும் இன்றி ஒருவர் தம் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்வதற்கு ஒப்பாகும். பயன் உண்டு, ஆயினும் ஒத்திகை ஆகாது.

வழங்கியை அமைக்கும் வழிகள் பல. மாணவர்க்கு ஏற்ற இரண்டினை மட்டும் இங்குக் கூறுவேன்.

முதல் வழி மிக எளிது. பைத்தான் மொழியைப் பயில்வோர் கணினியில் அம்மொழியோடு உடன் வந்த சிறு வழங்கி ஒன்று ஏற்கெனவே இருக்கும். வலைத்தளக் கோப்புகள் உள்ள கோப்புறைக்குச் சென்று ஒரே ஒரு கட்டளையை எழுதினால் அது இயங்கத் தொடங்கும். பிறகு உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என எழுதி, முக்காற்புள்ளி இட்டு, 8000 என்ற எண்ணைச் சேர்க்க வேண்டும். அந்த எண் எதற்கு? அஞ்சல் நிலையத்தின் முகவரி ஒன்றுதான். ஆனால் உள்ளே அஞ்சல் தலை வாங்க ஒரு சாளரம், சேமிப்புக் கணக்குக்கு ஒரு சாளரம் என்று தனித்தனியே உண்டு. அவ்வாறே ஒரு கணினிக்கும் எண்ணிட்ட சாளரங்கள் பல உள்ளன. அவற்றைப் போர்ட் என்பர். வலைப்பக்கங்களுக்கு வழக்கமானது 80ஆம் சாளரம். மறைகுறியாக்கப்பட்ட பாதுகாப்பான தொடர்புக்கு 443. பைத்தானின் சிறு வழங்கி 8000ஆம் சாளரத்தில் அமர்கின்றது.

இரண்டாம் வழி, பெயர் விவரங்களைச் சேமிக்கும் தரவுத்தளமும் பி.எச்.பி. நிரல்களும் வேண்டிய தளங்களுக்கு உரியது. 1995ஆம் ஆண்டில் தோன்றிய அப்பாச்சி என்னும் வழங்கியை வலையில் எண்ணற்ற தளங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. அவ்வழங்கியையும், தரவுத்தளத்தையும், பி.எச்.பி. மொழியையும் ஒரே பொதியாகக் கட்டித் தருவது சாம்ப் என்னும் இலவசத் தொகுப்பு. இதனை நிறுவியபின் எச்.டி.டாக்ஸ் என்ற கோப்புறையில் உங்கள் கோப்புகளை இட்டு, வழங்கியைத் தொடக்கும் பொத்தானை அழுத்தி, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதுக. உங்கள் தளம் தோன்றும். தோன்றவில்லையாயின் மனம் தளர வேண்டா. பெரும்பாலும் 80ஆம் சாளரத்தில் வேறொரு நிரல் முன்னரே அமர்ந்திருக்கும். அமைப்புக் கோப்பில் 8080 என்று எண்ணை மாற்றிவிட்டால் தடை நீங்கும்.

வழங்கி அமைந்துவிட்டது. இனி எவற்றைச் சோதிப்பது? பக்கம் அழகாகத் தோன்றுகின்றதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திக்கொள்கின்றனர். அது போதாது. ஒவ்வோர் இணைப்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். வழங்கி தரும் விடைக்கு எண் உண்டு. 200 என்றால் கேட்டது கிடைத்தது என்று பொருள். 404 என்றால் கேட்ட நூல் இங்கு இல்லை என்று பொருள். 500 என்றால் நூலைத் தேடச் சென்ற பணியாளரே உள்ளே இடறி விழுந்தார் என்று கொள்ளலாம். அதாவது உங்கள் நிரலிலோ வழங்கியின் அமைப்பிலோ குற்றம் உள்ளது. இவ்விடைகளையெல்லாம் வழங்கி ஒரு பதிவேட்டில் வரி வரியாக எழுதி வைக்கும். அப்பதிவேட்டைப் படிக்கப் பழகியவனே நல்ல வலைத்தளக் கலைஞன் ஆவான்.

எல்லாவற்றினும் முதன்மையானது, தவறாகப் பயன்படுத்திப் பார்ப்பது. படிவத்தை நிரப்பாமலே அனுப்புங்கள். வயது கேட்கும் இடத்தில் பெயரை எழுதுங்கள். ஒரே பொத்தானை இருமுறை அழுத்துங்கள். நாம் செய்த பொருளை நாமே தாக்குவது கடினமாகத்தான் இருக்கும். ஆனால் நாம் செய்யாது விட்டால், அறியாத ஒருவர் அறியாமலே அதனைச் செய்து துன்புறுவார்.

எனக்குத் தெரிந்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கின்றேன். ஒரு கல்லூரியில் உதவித்தொகை விண்ணப்பத்திற்காக மாணவர் சிலர் வலைத்தளம் அமைத்தனர். நன்றாகவே அமைத்தனர். தம் கணினியில் பத்து விண்ணப்பங்களை நிரப்பிச் சோதித்தும் பார்த்தனர். பத்திலும் பெயர்களை ஆங்கிலத்திலேயே எழுதினர். தளம் வெளியாயிற்று. தந்தை பெயரைத் தமிழில் திருநாவுக்கரசு என்று எழுதிய ஒரு மாணவியின் விண்ணப்பத்தில் 'திருநா' என்பது மட்டும் பதிவாகி, அடுத்து ஒரு கேள்விக்குறி நின்றது. சான்றிதழில் உள்ள பெயரோடு இது பொருந்தவில்லை. விண்ணப்பம் ஒதுக்கி வைக்கப்பட்டது. அம்மாணவி நேரில் வந்து கேட்ட பிறகே பிழை வெளிப்பட்டது. அவள் வந்து கேட்டாள். கேட்காமல் இருந்தவர்கள் எத்தனை பேரோ!

பிழையின் காரணம் சுவையானது. கணினி எழுத்துகளைப் பைட் என்னும் அலகில் சேமிக்கின்றது. யு.டி.எஃப். 8 என்னும் முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட் போதும். யூனிகோடில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். 'தி' என்பது நமக்கு ஓரெழுத்து. கணினிக்கோ தகரமும் இகரக் குறியும் ஆகிய இரண்டு. இக்கணக்கில் திருநாவுக்கரசு என்ற பெயரில் 14 குறிகள். ஆகவே 42 பைட். அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் 16 பைட்டில் அடங்கும். பெயருக்கு 20 பைட் போதுமென அந்த நிரல் எழுதப்பட்டிருந்தது. 18 பைட்டில் 'திருநா' முடிந்தது. எஞ்சிய 2 பைட்டில் அடுத்த எழுத்து பாதியோடு அறுந்தது. கணினியின் மேல் குற்றம் இல்லை. ஒத்திகையில் ஒரே ஒரு தமிழ்ப் பெயரை எழுதிப் பார்த்திருந்தால், அந்த நிமிடமே இது தெரிந்திருக்கும். யாருக்காகத் தளம் அமைக்கின்றோமோ அவர்களைப் போலவே இருந்து சோதிக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

இனி, வீட்டு வழங்கியின் குறைகளையும் மறைக்காமல் கூற வேண்டும். வீட்டில் நன்றாகப் பாடியவர் சபையில் தடுமாறுவது உண்டன்றோ? ஏனெனில் வீடு வேறு, சபை வேறு. அவ்வாறே உங்கள் கணினியும் வெளியுலக வழங்கியும் சில கூறுகளில் வேறுபடுகின்றன.

முதலாவது, எழுத்து வேறுபாடு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என இருவகை உண்டு. விண்டோஸ் கணினி கோப்புப் பெயர்களில் இவ்விரண்டையும் வழக்கமாக ஒன்றாகவே கொள்ளும். வெளியுலக வழங்கிகளுள் பெரும்பாலானவை லினக்ஸ் முறையில் இயங்குகின்றன. அவை இரண்டையும் வெவ்வேறாகக் கொள்ளும். ஆகவே வீட்டில் தோன்றிய படம் வெளியே தோன்றாது. 404 என்ற விடையே வரும். கோப்புப் பெயர்களை எப்போதும் சிறிய எழுத்திலேயே எழுதும் பழக்கம் இதற்கு மருந்து.

இரண்டாவது, வேகம். உங்கள் கணினிக்குள்ளேயே பயணம் செய்யும் படம் கண்ணிமைக்குமுன் வந்துவிடும். 5 மெகாபைட் அளவுள்ள அதே படம், வினாடிக்கு 1 மெகாபிட் வேகமே கிடைக்கும் சிற்றூர்க் கைப்பேசிக்கு வந்து சேர 40 வினாடி ஆகும். வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கும் வசதி இன்றைய உலாவிகளில் உண்டு. அதனைப் பயன்படுத்துக.

மூன்றாவது, கூட்டம். உங்கள் வீட்டு வழங்கிக்கு வரும் வாசகர் நீங்கள் ஒருவரே. ஒரே நேரத்தில் பல்லாயிரவர் வந்தால் என்ன ஆகும் என்பதனை அது காட்டாது. அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெறுவதற்கென அரசு அமைத்த ஹெல்த்கேர்.கவ் என்னும் தளம் 2013ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் தொடங்கப்பட்டது. மக்கள் திரண்டனர், தளம் தாங்கவில்லை. முதல் நாளில் பதிவை முடித்தவர்கள் ஆறு பேரே என்று பின்னர் வெளியான குறிப்புகள் காட்டின. தளத்தின் பகுதிகள் தனித்தனியே சோதிக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் இணைத்துத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்திய சோதனையோ, திறப்பதற்கு முந்திய இரண்டு வாரங்களில்தான் நடைபெற்றது என்று ஒப்பந்தக்காரர்கள் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின்முன் கூறினர். பிழைகளைக் களைய இரண்டு மாதங்கள் ஆயின. அதுவரை காத்திருந்தவர்கள் நோய்க்குக் காப்பு வேண்டி நின்ற எளிய குடிமக்கள்.

ஆதலின், வீட்டு வழங்கி முதற்படியே ஆகும். அதற்கு அடுத்த படியாக, வெளியுலக வழங்கியைப் போன்றே அமைந்த ஒத்திகை வழங்கி ஒன்றில் தளத்தை ஏற்றிப் பார்ப்பது தொழில் முறை வழக்கம். மூன்றாம் படியே வெளியீடு. முதற்படியில் அகற்றக்கூடிய பிழையை மூன்றாம் படி வரை சுமந்து செல்வது அறிவுடைமை ஆகாது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ஒத்திகைக் கூடத்தின் கதவு சாத்தியிருக்க வேண்டும். பைத்தானின் சிறு வழங்கியை வேறு குறிப்பின்றி இயக்கினால், அதே வைஃபை இணைப்பில் உள்ள பிற கருவிகளும் உங்கள் கோப்புகளைப் பார்க்க இயலும். கைப்பேசியில் தளம் எவ்வாறு தோன்றுகின்றது எனக் காண இது உதவும். பொது இடத்திலோ இது தீங்கு. 127.0.0.1 என்ற முகவரிக்கு மட்டும் விடை தருமாறு கட்டளையிட்டால் கதவு சாத்தப்பட்டுவிடும். சாம்ப் தொகுப்பில் தரவுத்தளத்தின் தலைமைக் கணக்குக்குத் தொடக்கத்தில் கடவுச்சொல்லே இராது. பயிலுவதற்கு அது வசதி. அதே அமைப்பை உலகின் முன் வைப்பது வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குச் செல்வதற்கு ஒப்பாகும். ஒத்திகையின்போது உண்மையான மனிதரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பயன்படுத்தாமல் கற்பனை விவரங்களையே பயன்படுத்துவதும் நன்று.

மாணவ நண்பர்களே, பிழை செய்வது இழிவன்று. பிழை செய்யாமல் எவரும் எதையும் கற்றதில்லை. ஆனால் நம் பிழையின் சுமையை யார் தாங்குகின்றார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் மேசைமேல் இயங்கும் வழங்கியில் நேர்ந்த பிழையால் உங்களுக்கு அரைமணி நேரம் செலவாகும். அதே பிழை வெளியே சென்றால், கடைசி நாளன்று விண்ணப்பம் அனுப்பத் துடிக்கும் முகம் தெரியாத ஒருவர் அதன் விலையைத் தருவார். இன்று மாலையே உங்கள் கணினியில் ஒரு வழங்கியை இயக்கிப் பாருங்கள். முதற்பக்கம் தோன்றியதும் மகிழுங்கள். மகிழ்ந்தபின், படிவத்தில் நீண்டதொரு தமிழ்ப் பெயரை எழுதி அனுப்பிப் பாருங்கள்.